யூரியா கேட்டால் பாலிஅமீன் டானிக் எதற்கு?

மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். உரத்தோடு இணைப் பொருள் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பருவம் தவறாமல் அறிக்கை விடுகிறீர்கள். ஆகவே முன்கதை உங்களுக்குத் தெரியும். இந்தச் சம்பாவிலும் அதுதான் நடந்தது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அரை லிட்டர் டானிக் எடுத்தால்தான் மூட்டை என்றார் கடைக்காரர். டானிக் விலை மூட்டை விலையைத் தாண்டியது. பயிர் தூர் கட்டும் நேரம், மேலுரத்தைத் தள்ளிப்போட முடியாது. வாங்கினேன்.

பாட்டிலின் முன்பக்கம் முற்றிய நெற்கதிர், பெரிய எழுத்தில் 'பாலிஅமீன் சக்தி'. பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். பாலிஅமீன் என்பது ஒரு வேதிப்பொருள் குடும்பம். உள்ளே இருப்பது அதில் எந்த வகை: பூட்ரஸினா, ஸ்பெர்மிடினா, ஸ்பெர்மினா? எத்தனை சதவீதம்? எந்தப் பருவத்தில் தெளிப்பது? எதுவும் இல்லை. கேட்டால், "அடிங்க சார், பயிர் கருகருன்னு வரும்" என்கிறார்.

பாலிஅமீன் ஒன்றும் கட்டுக்கதை இல்லை. கொஞ்சம் தாவரவியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன். செடி அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. செல் பிரியவும் புரதம் உருவாகவும் அது வேண்டும். ஸ்பெர்மிடின் தயாரிக்கும் இரண்டு மரபணுக்களையும் முடக்கினால், ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் கரு விதைக்குள்ளேயே வளராமல் நின்றுவிடும். ஆனால் அதே பாலிஅமீனைச் செடி சிதைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது மிகுந்தால் செல்லுக்கே கேடு. அளவு தெரியாமல் எப்படித் தெளிப்பது?

இன்னொன்று. சாம்பல் சத்து (பொட்டாஷ்) போதாத செடியின் இலையில் பூட்ரஸின் தானாகவே குவியும். பார்லியில் இதை 1952இலேயே கண்டுவிட்டார்கள். என் வயலின் மண் பரிசோதனை அட்டையில் சாம்பல் சத்து குறைவு என்றுதான் இருக்கிறது. எனக்கு வேண்டியது பொட்டாஷா, இந்தப் பாட்டிலா?

அதனால் கேட்கிறேன்: எந்தப் பாலிஅமீன், எவ்வளவு, எந்தப் பயிருக்கு, எப்போது என்று தமிழில் அச்சிடாத பாட்டிலை விற்க விடாதீர்கள். யூரியாவோடு சேர்த்து எந்தப் பாட்டிலையும் விற்க விடாதீர்கள்.

2021 பிப்ரவரியில் பயிர் வளர்ச்சியைத் தூண்டும் இத்தகைய டானிக்குகளை, அதாவது உயிரூக்கிகளை, உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். ஆணை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, கடையில் பாட்டிலும் அப்படியே இருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால் கம்பெனி தலையில் கட்டுகிறது என்கிறார். கம்பெனி யாரைக் கை காட்டுமோ! அடுத்த போகத்தில் விதைநெல்லோடு பற்பசையும் கட்டாயம் என்றால்கூட ஆச்சரியப்பட மாட்டேன். இதில் விவசாயி வருமானத்தைப் பெருக்குவது பற்றி மேடைக்கு மேடை பேச்சு வேறு.

சரி, மனுவுக்கு வருகிறேன். கதிர் உருவாகும் பருவத்தில் அடுத்த மேலுரம் இட வேண்டும். அதற்குள் கடைகளை ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் ஆய்வு செய்ய வேண்டும்; யூரியாவை யூரியாவாக மட்டும் விற்கச் செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடை பில்லின் நகலையும் பாட்டிலின் இருபக்கப் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி