முரளியைப் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். பார்வை தெளிவாக இருக்கிறது, கவலைப்படாதே.

படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது என்று வீட்டில் கட்டிப்போட்ட நாட்களில் அமெரிக்கப் பாடகர் ஜாக்சன் பிரவுனின் முதல் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 1972 ஜனவரியில் வந்தது. அவருக்கு அப்போது 23 வயதுதான். அட்டையை, பாலைவனத்தில் காரின் முன்னால் தொங்கவிடும் தண்ணீர்ப் பை மாதிரி வரைந்து, பயன்படுத்தும் முன் நனைக்கவும் என்று மேலே அச்சடித்திருப்பார்கள். பலர் அதையே ஆல்பத்தின் பெயராக நினைத்துக்கொண்டார்கள்.

அதில் வரும் 'டாக்டர் மை ஐஸ்' ('டாக்டர், என் கண்கள்') உனக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை போன பாட்டு. பியானோவும் காங்கா மேளமும் துள்ளிக்கொண்டு போகும். அதற்குள்ளே, எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அழுகையே வராமல் போன ஒருவன் டாக்டரிடம் முறையிடுகிறான். கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோதுதான் அந்த வரிகள் எனக்குள் இறங்கின. இத்தனை வருஷமும் தாளத்தை மட்டுமே கேட்டிருக்கிறேன்.

அப்புறம் 'சாங் ஃபார் ஆடம்'. இறந்துபோன நண்பனைப் பற்றிய பாட்டு. ஆடம் என் நண்பன்தான், ஆனால் அவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றுதான் தொடங்குகிறார். இரங்கல் பாட்டில் யார் இப்படி ஒத்துக்கொள்வார்கள்? அவன் தானே குதித்தான் என்று ஊர் சொல்கிறது, தவறி விழுந்திருப்பானோ என்று இவர் மனம் அடித்துக்கொள்கிறது. பாட்டு முடியும்போதும் விடை இல்லை. நெருக்கத்தைக் கூட்டிச் சொல்லவில்லை, காரணத்தையும் கற்பிக்கவில்லை. 23 வயதில் அந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ!

சேகர், முரளி போனபிறகு நாம் இரண்டு பேரும் அவனைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. அவன் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. தெரியாததைப் பேச வேண்டாம் என்று நான்தான் ஒதுங்கினேன். அது தப்பு என்று இப்போது படுகிறது. பொங்கலுக்கு வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு. கிணற்றடியில் நாம் மூன்று பேரும் நிற்கிற போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
ரகு