ஏழு நிமிடச் சுற்றுப் பயிற்சி: கொட்டாம்பட்டி நண்பனுக்கு ஒரு கடிதம்

தல்லாகுளம், மதுரை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாண்டியனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முதுகுவலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் காலையில் பெருமாள் கோயில் வரை நடந்து போய் வருவதை அவர் இன்னும் விடவில்லை.

கொட்டாம்பட்டிக்கு மாற்றலாகிப் போன பிறகு ஜிம்முக்குப் போக வழியில்லை என்றும், கைப்பேசியில் பார்த்த ஏழு நிமிடச் சுற்றுப் பயிற்சியை மட்டும் நாள்தோறும் செய்தால் போதுமா, இத்தனை வருடம் எடை தூக்கிப் பழகிய உடம்புக்கு அது ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தாய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மூச்சுக்கு அது ஒத்துவரும். உன் தசைக்கு, அதில் சொல்லியிருக்கிறபடியே செய்தால், போதாது. கொஞ்சம் மாற்றிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாளாவது நல்ல எடையைத் தூக்கினால், நீ இத்தனை காலம் சேர்த்த பலத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பார்த்த பயிற்சி 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் இதழ் ஒன்றில் பிரெட் கிளிக்கா, கிறிஸ் ஜோர்டன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. மொத்தம் 12 பயிற்சிகள். ஒவ்வொன்றும் 30 விநாடி, இடையில் 10 விநாடி ஓய்வு. ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் இருந்தால் போதும், வேறு எந்தக் கருவியும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏழு நிமிடம் 50 விநாடி வரும். அந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யலாம் என்று கட்டுரையிலேயே இருக்கிறது. கைப்பேசி வழியாகப் பரவியபோது அந்த வரி காணாமல் போய், ஏழு நிமிடம் என்ற பேச்சு மட்டும் நின்றுவிட்டது. பயிற்சிகளை அடுக்கியிருக்கும் வரிசை நல்ல யோசனையோடு அமைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலுக்கு வேலை கொடுத்த பிறகு கைக்கு, கைக்குப் பிறகு வயிற்றுக்கு என்று மாறி மாறி வருவதால், ஒரு தசை உழைக்கும்போது இன்னொன்று ஓய்வெடுக்கிறது, நெஞ்சுத் துடிப்பு மட்டும் இறங்காமல் நிற்கிறது. ஊர் ஊராகப் போய் வேலை பார்த்துக்கொண்டு, ஜிம் பக்கமே போகாமல் இருக்கிறவருக்கு இதைவிட எளிய வழி கிடைப்பது கடினம்.

ஆனால் நீ அந்த ஆள் இல்லை, பாண்டியா. போன மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வங்கியில் எழுத்தராக இருக்கும் என் மச்சினனும், நம் ஜிம்மில் என்னோடு எடை தூக்கும் தம்பி ஒருவனும் சேர்ந்து இந்தச் சுற்றைச் செய்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். புஷ் அப்ஸ் வந்தபோது மச்சினனுக்கு எட்டாவதிலேயே முழங்கை நடுங்கத் தொடங்கி, இடுப்பு தொய்ந்து, பத்தாவதில் தரையில் படுத்துவிட்டான். ஜிம் தம்பியோ இருபத்தைந்தைத் தாண்டி, முகத்தில் சிறு சுளிப்புகூட இல்லாமல், நான் நிறுத்தச் சொன்னதால் நிறுத்தினான். ஸ்குவாட் என்ற உட்கார்ந்து எழும் பயிற்சியிலும் அதே கதைதான். ஆனால் நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி ஓடும் பயிற்சி வந்தபோது இருவருமே ஒரே மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்கள். மச்சினனுக்கு அந்த எட்டு நிமிடமும் தசைக்கும் மூச்சுக்கும் சேர்த்தே பாடம். தம்பிக்கு மூச்சுக்கு மட்டும்தான். மறுநாள் மச்சினன் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினான். தம்பி வழக்கம்போல் டெட்லிஃப்ட் போட, அதாவது குனிந்து தரையிலிருந்து எடை தூக்க, வந்துவிட்டான்.

இதற்குக் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். உடம்பு எந்தப் பாரத்துக்குப் பழகிவிட்டதோ அந்தப் பாரம் அதற்குப் பிறகு புதிதாக எதையும் வளர்க்காது. நூறு கிலோ பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்த தொடைக்கு, வெறும் உடம்போடு அரை நிமிடம் உட்கார்ந்து எழுவது நடைப்பயிற்சி போன்றதே. குறைந்த எடையிலும் தசையின் பருமனைக் காக்கலாம், வளர்க்கவும் செய்யலாம், ஆனால் இனி ஒன்றுகூட முடியாது என்ற நிலைக்குப் பக்கத்தில் போகும்வரை செய்ய வேண்டும். 30 விநாடிக் கடிகாரம் உன்னைப் போன்றவனை அந்த நிலைக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிடுகிறது. பெரிய எடையைத் தூக்கும் பலம் என்பது இன்னும் தனி. அது பெரிய எடையால் மட்டுமே நிற்கும். பெரிய எடைக்கு நீண்ட ஓய்வு வேண்டும். ஒரு கனமான செட், அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒரு தொகுதி, முடிந்ததும், தசைக்கு உடனடி ஆற்றல் தரும் கிரியாட்டின் பாஸ்பேட் செலவானது முழுக்கத் திரும்பிச் சேர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகிறது. 10 விநாடியில் மூச்சு அடங்குவதே பெரிது. ஆகையால் சுற்றுப் பயிற்சி என்ற அமைப்பே எடையைக் குறைக்கச் சொல்கிறது.

இன்னொரு குறையும் உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. அந்த 12 பயிற்சிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார். தள்ளுகிற வேலை இருக்கிறது, உட்கார்ந்து எழுகிற வேலை இருக்கிறது, பிளாங்க் போல அசையாமல் தாங்கி நிற்கிற வேலை இருக்கிறது. இழுக்கிற வேலை ஒன்றுகூட இல்லை. புல் அப்ஸ் இல்லை, டம்பெல் ரோயிங் இல்லை, குனிந்து தரையிலிருந்து தூக்கும் அசைவும் இல்லை. முதுகின் அகலத் தசையும், கையின் முன்தசையும், தொடையின் பின்தசையும் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. நாள் முழுக்க மேசையில் குனிந்து உட்காருகிற உனக்கு, நெஞ்சையும் தோள் முன்பக்கத்தையும் மட்டும் இறுக்கிக்கொண்டு முதுகைக் கைவிட்டால், ஆறே மாதத்தில் தோள் முன்னால் வளையத் தொடங்கிவிடுமோ என்பது என் கவலை.

சுற்றுப் பயிற்சியின் பழைய வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குறை அதன் பிறவிக் குறை இல்லை என்று தெரியும். 1953 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் மாணவர்களுக்காக இதை உருவாக்கியபோது, பாரத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவது அதன் அடிப்படை விதிகளில் ஒன்றாக இருந்தது. ஒருவனுக்குச் சுற்று எளிதாகிவிட்டால் அவனுடைய அளவு உயரும். கைப்பேசிப் பயிற்சியில் அந்த ஏணி இல்லை. முதல் நாள் என்னவோ அதுவேதான் நூறாவது நாளும். புதியவருக்குச் சில மாதங்கள் வரை அது போதும், பழகியவருக்கு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

குறைந்த நேரப் பயிற்சி பழகிய உடம்புக்குப் பயன்படவே படாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. 1996 இல் ஜப்பானில் தபாட்டாவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு உனக்கு நினைவிருக்கும், நாம் பல முறை பேசியிருக்கிறோம். உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள், அதாவது ஏற்கெனவே உடல் பழகியவர்கள், 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை சைக்கிள் மிதித்து, ஆறு வாரத்தில் மூச்சுத் திறனையும், ஆக்ஸிஜனுக்குக் காத்திராமல் உழைக்கும் திறனையும் சேர்த்தே உயர்த்திக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் மிதித்த வேகம் உடம்பு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவைப்போல் 170 சதவீதம். எட்டாவது முறைக்கு மேல் ஒரு மிதிகூட முடியாத அளவு உழைப்பு அது. நேரத்தைக் குறைத்தால் கடுமையைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. நாற்காலியில் ஏறி இறங்கி அந்தக் கடுமையை உன்னால் எட்ட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்ன அளவையும் வைத்துப் பார். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதற்கு மேல் தசையை வலுப்படுத்தும் பயிற்சி இரண்டு நாளாவது. ஏழு நாளும் விடாமல் இந்தச் சுற்றைச் செய்தாலும் உனக்கு 55 நிமிடம்தான் சேரும். நீ பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை வேகமாக நடப்பதைச் சேர்த்துக்கொண்டால் மூச்சுக் கணக்கு சரியாகிவிடும். தசைக் கணக்குத்தான் பாக்கி.

அந்தப் பாக்கியைத் தீர்ப்பது நீ பயப்படுகிற அளவு கடினம் இல்லை. வளர்ப்பதற்குத் தேவையான உழைப்பைவிட, வளர்ந்ததைக் காப்பதற்குத் தேவையான உழைப்பு மிகக் குறைவு. 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு மாதம் எடை தூக்கிய இளையவர்கள் பிறகு அந்த அளவில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் செய்து, அதாவது வாரம் ஒரு நாள் சில செட்டுகளோடு, மாதக்கணக்கில் பலத்தையும் தசையையும் தக்கவைத்துக்கொண்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தசையின் பருமனைக் காக்க அது போதவில்லை, பலம் மட்டும் பெரும்பாலும் நின்றது. நாம் இப்போது அந்த இரண்டு வயதினருக்கும் நடுவில் இருக்கிறோம். ஆகவே ஒரு நாள் கட்டாயம், முடிந்தால் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. எண்ணிக்கையைக் குறைக்கலாம், செட்டைக் குறைக்கலாம், பாரில் ஏற்றும் எடையை மட்டும் குறைத்துவிடாதே.

ஆகவே நீ இப்படிச் செய்து பார். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வரும்போது நம் ஜிம்முக்கு வா. ஸ்குவாட், டெட்லிஃப்ட், படுத்தபடி எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங், இந்த நான்கை மட்டும் அவசரப்படாமல், செட்டுக்கு இடையே மூன்று நிமிடம் உட்கார்ந்து செய். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் சுற்றுப் பயிற்சி, ஆனால் இரண்டு சுற்று. வெறும் உடம்போடு உட்கார்ந்து எழுவதற்குப் பதிலாக 20 லிட்டர் தண்ணீர் கேனை மார்போடு அணைத்துக்கொள். அதுவும் எளிதானால் 25 கிலோ அரிசிச் சிப்பம் இருக்கவே இருக்கிறது. அதையே குனிந்து தரையிலிருந்து தூக்கி வைத்தால் தொடையின் பின்பக்கத்துக்கும் வேலை வந்துவிடும். முதுகு நேராக இருக்கட்டும், சிப்பத்தின் வாய் நன்றாகத் தைத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். புஷ் அப்ஸுக்குப் பையன் பள்ளிப் பையில் புத்தகத்தை நிரப்பி முதுகில் மாட்டு. சாய்ந்து உட்காரும் சுவர்ப் பயிற்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல் அப்ஸைப் போடு. உன் வீட்டுக் கொல்லையில் வேப்பமரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதில் தாழ்ந்த கிளை ஒன்றை, உன் பாரத்தைத் தாங்கும் அளவு தடித்ததாகப் பார்த்து, மெதுவாகத் தொங்கிச் சோதித்த பிறகே ஏறு. இழுக்கும் வேலைக்கு நேரக் கணக்கு வேண்டாம், முடிகிறவரை இழு. இன்னும் ஒன்று, சுற்றுப் பயிற்சியை ஜிம் நாளில் எடைக்கு முன்னால் செய்யாதே. களைத்த காலோடு ஸ்குவாட்டுக்குள் இறங்கினால் அமைப்பு கெடும். நம் மாஸ்டரும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

சுவர்ப் பயிற்சியை எடுக்கச் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இரத்த அழுத்தம் எல்லையில் நிற்பதாக மருத்துவர் சொன்னார் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சியின்போது, அதிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டால், அந்த நேரத்துக்கு அழுத்தம் வெகுவாக ஏறும். பிளாங்க் செய்யும்போதும், சிப்பத்தைத் தூக்கும்போதும் மூச்சை விட்டுக்கொண்டே செய். மருத்துவரிடம் இந்தப் பயிற்சிகளின் பெயரைச் சொல்லிக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சித்திரை வெயில் ஏறிவிட்டது, காலை ஆறு மணிக்கு மேல் மாடியில் செய்வதும் உனக்கு ஆகாது.

அடுத்த ஞாயிறு வரும்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கையோடு எடுத்து வா, மாஸ்டரிடம் காட்டி எடையை முடிவு செய்யலாம். மேலூரில் வாரம் ஒரு நாள் மட்டும் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஜிம் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்து எழுது. இருந்தால் இரண்டாவது நாளுக்கு நீ மதுரை வரை வர வேண்டியதில்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
கண்ணன்