பிரான்சின் நீம் நகரத்திலிருந்து மாலதிக்கு

அன்புள்ள மாலதி,

உன் ஓவியக்கூடத்தின் வரைபடங்கள் கிடைத்தன. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா? இங்கே நாங்கள் நலம், பெரியவன் பாரிசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

புதுச்சேரித் தமிழர் வீதியில் நவீன ஓவியக்கூடம் என்றதும், முகப்பை அப்படியே பழைய வீடு மாதிரி கட்டிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கேட்காதே! போலித் தூணும் போலி மாடமும் வைத்தால் பக்கத்தில் நிற்கும் நிஜமான வீட்டுக்குத்தான் கேடு. அது தவிர, உனக்கு ஒரு துணை இந்த ஊரிலேயே இருக்கிறது. மேசோன் காரே என்று ரோமானியர் கட்டிய கோயில், சுமார் 2000 வயது. அதற்கு நேர் எதிரே இருந்த நாடக அரங்கு 1952-இல் எரிந்துபோய் முன்பக்கத் தூண்வரிசை மட்டும் மிஞ்சியது. அந்த இடத்தில்தான் 1993-இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபோஸ்டர் வடிவமைத்த காரே தார் திறந்தது, நூலகமும் தற்காலக் கலைக்கூடமும் ஒன்றாக. மிஞ்சிய தூண்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நட்டுவிட்டார்கள். அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, போகட்டும்.

கோயில் தூண் ஒன்றைக்கூட ஃபோஸ்டர் நகல் எடுக்கவில்லை. ஒல்லியான எஃகுத் தூண்கள், மேலே நிழல் தரும் கூரை, கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் உயரத்தில் பக்கத்து வீடுகளை மீறவில்லை. மொத்தம் ஒன்பது தளம், அதில் பாதி மண்ணுக்குள். நடுவில் முற்றம் மாதிரி திறந்துவிட்டு, படிகளையும் கண்ணாடியில் போட்டு, கீழே வரைக்கும் வெளிச்சம் இறக்கியிருக்கிறார். முன்னால் இருந்த சதுக்கத்தையும் நடப்பவர்களுக்கு விட்டுவிட்டதால் மாலையில் சனம் படியில் உட்கார்ந்து எதிரே கோயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கட்டடத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்பேன்.

உனக்கு மண்ணுக்குள் போக வழியில்லை, கடல் பக்கம், தோண்டினால் தண்ணீர். அதனால் கட்டடத்தின் கனத்தையெல்லாம் மனையின் பின்பக்கம் தள்ளு, தெருப்பக்கம் தாழ்வாகவே இருக்கட்டும், திண்ணையும் தாழ்வாரமும் தெருவில் போகிறவருக்கும் சேர்ந்ததாக இருக்கட்டும். முற்றத்து வெயில் நேராகச் சுவரில் விழக்கூடாது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், காகிதத்தில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பதுதான் அருங்காட்சியகங்களில் வழக்கமான வரம்பு, நம்மூர் நண்பகல் அதையெல்லாம் பொசுக்கிவிடும். வடக்கு வெளிச்சத்தை மட்டும் எடு.

அப்புறம், வரைபடத்தில் உன் வாசல் மூன்றரை அடி. ஓவியத்துக்குச் சரி, ஆளுயரச் சிற்பமோ, பல பொருள்களை இடத்தில் அமைத்துக் காட்டும் நிர்மாணக் கலையோ வந்தால் எந்த வழியாக உள்ளே கொண்டுபோவாய்? பின்சந்தில் சின்ன லாரி திரும்புமா என்று அளந்து பார்த்து எழுது, பதிலைப் பார்த்துவிட்டுப் பின்சுவரைப் பற்றிப் பேசுவோம்.

அன்புடன்,
கலா