யாரு சொன்னாங்கன்னு பாத்தா மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல காசா போர்ல செத்தவங்க கணக்கு பத்தி வந்த கட்டுரையும், அதுக்கு அடுத்த ரெண்டு நாளா வந்த வாசகர் கடிதங்களும் படிச்சேன். ஒருத்தர் "இது ஹமாஸ் குடுக்குற கணக்கு, இதப் போய் அச்சடிக்கிறீங்களே"ன்னு கோவப்பட்டிருந்தார், இன்னொருத்தர் "இஸ்ரேல் ராணுவம் சொல்றத எவன் நம்புவான்"னு எழுதியிருந்தார். செய்தில என்ன இருக்குன்னு ரெண்டு பேருமே ஒரு வரி பேசல, யாரு சொன்னாங்கங்குறதோட முடிச்சுட்டாங்க. எங்க வீட்லயும் இதே கததான், நானும் என் மச்சானும் 2023ல இருந்து இத வச்சு சண்ட போடாத வாரம் இல்ல, அதனாலதான் எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல என் தப்ப சொல்லிடறேன். 2023 அக்டோபர் 17 அன்னிக்கு காசா நகரத்துல அல் அஹ்லி ஆஸ்பத்திரி வளாகத்துல குண்டு வெடிச்சு ஐநூறு பேர் செத்துட்டாங்க, இஸ்ரேல் விமானம் போட்ட குண்டுன்னு செய்தி வந்துச்சு. பாலஸ்தீன மக்கள் பட்ட பாட்ட பல வருஷமா படிச்சிட்டு வர்றவன் நான், பாத்த உடனே நெஞ்சு அடைச்சுருச்சு, ஒரு நிமிஷம் கூட யோசிக்காம எனக்குத் தெரிஞ்ச எல்லா குரூப்லயும் போட்டுட்டேன். அப்புறம் இஸ்ரேல், இது இஸ்லாமிக் ஜிஹாத்ங்குற பாலஸ்தீன ஆயுதக் குழு விட்ட ராக்கெட் பாதியில விழுந்ததுன்னு சொல்லுச்சு, காசா சுகாதார அமைச்சகம் 471 பேர்னு சொல்லுச்சு, அமெரிக்க உளவுத்துறை 100ல இருந்து 300 வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுச்சு. நியூயார்க் டைம்ஸ், ஆரம்பத்துல ஹமாஸ் சொன்னத அளவுக்கு மீறி நம்பிட்டோம்னு அக்டோபர் 23 அன்னிக்கு ஆசிரியர் குறிப்பே போட்டாங்க. இஸ்ரேல கடுமையா விமர்சிக்கிற ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்குற மனித உரிமை அமைப்பு கூட நவம்பர்ல, பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமா விடுற ராக்கெட் மாதிரிதான் தெரியுது, ஆனா முழு விசாரணை வேணும்னு சொன்னாங்க. நான் இதெல்லாம் படிச்சேன், ஆனா முதல் செய்திய அனுப்பின குரூப்ல ஒண்ணுல கூட இத அனுப்பல. அதுதான் எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

மச்சான் இத வச்சு என்ன ஒரு வருஷம் குத்திக் காட்டினான். ஆனா அவன் என்ன பண்ணினான்? 2022 மே 11 அன்னிக்கு, இஸ்ரேல் ஆக்கிரமிச்சிருக்கிற மேற்குக் கரையில ஜெனின் ஊர்ல அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே, பிரஸ்னு பெருசா எழுதின கவச உடுப்பு போட்டிருந்தவங்க, சுடப்பட்டு செத்தாங்க. பாலஸ்தீன ஆளுங்க ஒரு சந்துல சுடுற வீடியோவ இஸ்ரேல் தரப்பு வெளியிட்டுச்சு, இவங்க சுட்டதுலதான் செத்திருக்கணும்னு. மச்சான் அத எனக்கு அனுப்பி "பாரு"ன்னான். அதே நாள்ல பெத்செலம்ங்குற மனித உரிமை அமைப்போட ஆள் அந்த சந்துக்கே போயி படம் எடுத்து, இங்கருந்து சுட்டா அவங்க நின்ன இடத்துக்கு குண்டு போகவே போகாதுன்னு காட்டினாங்க. பெத்செலம் இஸ்ரேல் அமைப்பு சார், பாலஸ்தீன அமைப்பு இல்ல. செப்டம்பர்ல இஸ்ரேல் ராணுவமே, தவறுதலா எங்க குண்டு பட்டிருக்க வாய்ப்பு அதிகம்னு ஒத்துக்கிட்டுச்சு. 2025 மார்ச் 23ல காசாவோட தெற்குல இருக்கிற ரஃபாவுல 15 மீட்புப் பணியாளர்கள் கொல்லப்பட்டப்பவும் இதேதான், வண்டிங்க விளக்கு போடாம சந்தேகமா வந்துச்சுன்னு ராணுவம் சொல்லுச்சு, செத்த ஒருத்தரோட போன்ல இருந்த வீடியோவுல ஆம்புலன்ஸ் விளக்கெல்லாம் எரிஞ்சிட்டு இருந்துச்சு, அப்புறம் சொன்னத மாத்திக்கிட்டாங்க. மச்சானும் இது எதையும் யாருக்கும் திருப்பி அனுப்பல.

ஆக எனக்குப் புடிக்காத செய்தி வந்தா நான் கேக்குற கேள்விய, புடிச்ச செய்தி வரும்போது கேக்குறதே இல்ல. அவனும் அப்படித்தான். இத நான் சார்புன்னு கூட சொல்ல மாட்டேன், முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வச்சுட்டு சாட்சி தேடுறதுன்னுதான் சொல்லணும்.

இதுல எனக்கு வழி காட்டினது ஒரு பழைய சம்பவம். 1948 ஏப்ரல் 9, ஜெருசலேம் பக்கத்துல டெய்ர் யாசின் கிராமம், இர்குன், லெஹிங்குற யூத ஆயுதக் குழு ஆளுங்க உள்ள புகுந்து ஊர் ஜனங்கள கொன்னாங்க. 254 பேர்னு ஒரு கணக்கு உலகம் பூரா போச்சு. அந்தக் கணக்கு தாக்கினவங்க கிட்டருந்தே வந்தது, அரபு ஜனங்க பயந்து ஓடட்டும்னு பெருசாக்கி சொன்னாங்க, அரபு தரப்பும் அதையே எடுத்து பரப்பினாங்க. ரெண்டு பக்கத்துக்கும் பெரிய நம்பர் தேவப்பட்டுச்சு, அதனால பல வருஷம் அதுவே நின்னுடுச்சு. அப்புறம் 1980கள்ல தப்பிச்சவங்கள தேடிப் பேசி ஒவ்வொரு பேரா எழுதி, செத்தது 107 பேருக்குப் பக்கம்தான்னு சொன்னது யாரு? மேற்குக் கரையில இருக்கிற பீர்சைட் பல்கலைக்கழகத்து பாலஸ்தீன ஆய்வாளர்கள்! தன் ஜனத்துக்கு நடந்த கொடுமையோட நம்பர தானே குறைச்சு எழுத எவ்ளோ நேர்மை வேணும், அதுவும் ஆக்கிரமிப்புக்குள்ள உக்காந்துகிட்டு. 107 பேர்னா படுகொலை இல்லன்னு ஆயிடுமா, ஆகாது. அந்தப் பட்டியல படிச்ச பிறகுதான் எனக்கு அது நம்பரா இல்லாம மனுஷங்களா தெரிஞ்சுது.

அந்தப் பக்கம் பென்னி மாரிஸ்னு ஒரு இஸ்ரேல் வரலாற்று ஆசிரியர், சயனிஸ்ட்தான், அதாவது யூதர்களுக்குன்னு ஒரு நாடு வேணும்ங்குறவர், இஸ்ரேல் ஆவணங்களையே தோண்டி, 1948ல ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் எப்படி அகதி ஆனாங்கன்னு எழுதினப்ப, நிறைய ஊர்ல விரட்டி அடிச்சிருக்காங்கன்னு ஒத்துக்க வேண்டி வந்துச்சு. சொல்றவனோட பக்கம் எதுன்னு பாக்குறது தப்பு இல்ல, ஆனா அதோட நிறுத்திடக் கூடாது. அவனுக்கு எப்படித் தெரியும், நேர்ல பாத்தானா, இதச் சொல்றதால அவனுக்கு லாபமா நஷ்டமா, முன்னாடி தப்பா சொன்னத திருத்தினானா, இதையும் பாக்கணும்.

2023 அக்டோபர் 7ல ஹமாஸ் இஸ்ரேலுக்குள்ள புகுந்து தாக்கின விஷயத்துலயும் இது நடந்துச்சு. முதல்ல செத்தது 1,400 பேர்னு சொன்ன இஸ்ரேல், நவம்பர்ல சுமார் 1,200ன்னு குறைச்சுது, அடையாளம் தெரியாத உடல்ல சிலது தாக்கினவங்களோடதுன்னு. நாப்பது கைக்குழந்தைங்க தலைய வெட்டிட்டாங்கன்னு வந்த செய்தி கடைசி வரைக்கும் உறுதியாகல, அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன் போட்டோ பாத்தேன்னு பேசினத வெள்ளை மாளிகையே அப்புறம் திருத்துச்சு. ஆனா என் பக்கத்து ஆளுங்க சிலர் இதப் புடிச்சுகிட்டு அன்னிக்கு நடந்ததே பொய்னு பேச ஆரம்பிச்சாங்க, அத என்னால தாங்க முடியல. குழந்தைங்க செத்தது நிஜம், 251 பேர இழுத்துட்டுப் போனது நிஜம், பாலியல் வன்முறை நடந்ததா நம்ப நியாயமான காரணம் இருக்குன்னு போர்ல நடக்குற பாலியல் வன்முறைய கவனிக்கிற ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி பிரமிளா பட்டன் 2024 மார்ச்ல அறிக்கை குடுத்தாங்க. அப்போ மச்சான் "ஐ.நா.வே சொல்லிட்டாங்க"ன்னான், நான் வாயே திறக்கல. ஜூன்ல ஐ.நா. விசாரணை ஆணையம், ஹமாஸும் இஸ்ரேலும் ரெண்டு பேருமே போர்க்குற்றம் பண்ணியிருக்காங்கன்னு சொன்னப்ப அதே மச்சான் "ஐ.நா. எப்பவுமே இஸ்ரேலுக்கு எதிரிதான்"னான், நான் எனக்கு வேண்டிய பாதிய மட்டும் வெட்டி அனுப்பினேன்.

காசா சாவுக் கணக்கு பத்தி எழுதின வாசகருக்கு ஒண்ணு சொல்லணும். அந்தக் கணக்கு குடுக்குற காசா சுகாதார அமைச்சகம் ஹமாஸ் நிர்வாகத்துல இருக்கு, ஆயுதம் தூக்கினவன், சாதாரண ஜனம்னு பிரிச்சு சொல்றது இல்ல, இத கண்டிப்பா எழுதணும். ஆனா 2008-09, 2014 போர்கள்ல அவங்க குடுத்த கணக்கும் பின்னாடி ஐ.நா. எடுத்த கணக்கும் ரொம்ப விலகல, அதையும் எழுதணும்ல? அதோட 2023 அக்டோபர்ல இருந்து வெளிநாட்டு நிருபர்கள சுதந்திரமா உள்ள போக இஸ்ரேல் விடல, ராணுவத்தோட போனாத்தான் உண்டு. உள்ள இருக்கிற பாலஸ்தீன நிருபர்கள்தான் சாவுக்கு நடுவுல நின்னு செய்தி குடுக்குறாங்க, அவங்க சொன்னா "நம்ப முடியாது"ங்குறோம், அப்ப வேற யாரு போயி பாக்குறது?

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க இத யூதன் முஸ்லிம் சண்டையாவே பேசுறாங்க. ஷிரீன் கிறிஸ்தவர், அல் அஹ்லி ஆங்கிலிக்கன் சபை நடத்துற ஆஸ்பத்திரி, இஸ்ரேல் குடிமக்கள்ல அஞ்சுல ஒருத்தர் அரபு. நெதன்யாகு அரசு பண்றதுக்கு எங்கயோ இருக்கிற ஒரு யூதக் குடும்பத்த திட்டுறதும், ஹமாஸ் பண்ணினதுக்கு காசாவுல இருக்கிற பச்சக் குழந்தைய "நாளைய தீவிரவாதி"ன்னு சொல்றதும் எனக்கு ஒரே அசிங்கமாத்தான் தெரியுது. ரெண்டுமே உங்க வாசகர் கடிதத்துல வந்திருக்கு சார், அத போட்டிருக்கவே கூடாது.

உங்ககிட்ட கேக்குறது இதுதான். தலைப்புலயே தகவல் யாரு குடுத்ததுன்னு போடுங்க, ஒரு பக்கத்துக்கு "கொல்லப்பட்டனர்", இன்னொரு பக்கத்துக்கு "உயிரிழந்தனர்"னு போடாதீங்க. முதல் நாள் எட்டு காலத்துல போட்ட செய்தி அப்புறம் மாறினா, திருத்தத்த ஒன்பதாம் பக்க மூலையில போடாம அதே முதல் பக்கத்துல போடுங்க. அல் அஹ்லி செய்திய அன்னிக்கு நான் அனுப்பின குரூப்ல எல்லாம் அதுக்கான திருத்தத்த இந்தக் கடிதம் எழுதறதுக்கு முன்னாடிதான் அனுப்பினேன், ரொம்ப லேட்டு. மச்சானுக்கும் அனுப்பியிருக்கேன், ஷிரீன் பத்தி அவனும் அனுப்புறேன்னு சொல்லியிருக்கான்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்