இல்லச் சந்திப்புப் பணிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

குடியோ வேறு போதையோ குடிகொண்ட வீடுகளுக்குச் சென்றுவரும் செவிலியர், சமூகப் பணியாளர் குழுவின் மடல் இது. இந்த வேலையில் உதவியவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்ட வழியில்லை. யார் எதற்குக் கைகொடுத்தார்கள் என்பதையாவது சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி குடும்பத்தினருக்கு. குடிப்பவரைப் பற்றித் தகவல் தரும் சாட்சிகளாக மட்டுமே உங்களைப் பார்க்கும் வழக்கம் இத்துறையில் நெடுநாள் இருந்தது. தூக்கம் கெட்டு, கடன்காரருக்குப் பதில் சொல்லி, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ தாய்க்கோ தனியாக உதவி தேவை, குடிப்பவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும். அதனால்தான் ஒவ்வொரு சந்திப்பிலும் உங்களோடு தனியாகப் பேச நேரம் கேட்கிறோம். அடி உதை உண்டா என்பதை அப்போது மட்டுமே கேட்க வேண்டும். துணைவர் பக்கத்து அறையில் இருந்தால்கூடக் கேட்கக் கூடாது; நாங்கள் கிளம்பிய பிறகு அது அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும்.

மருத்துவர்களுக்கு நன்றி, குடியை நிறுத்தினால் எப்போது என்ன வரும் என்ற நேரக்கணக்கை எளிய சொற்களில் எழுதித் தந்ததற்கு. 'அறையில் பூட்டி வைத்தால் நாலு நாளில் தெளிந்துவிடும்' என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 2 முதல் 4 நாளில் மனக்குழப்பமும், காய்ச்சலும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். நல்லெண்ணத்தோடு பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவைக்கும் அண்ணன்மாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபமல்ல. எழுதின தாள் கையில் இருந்தால் கொஞ்சம் கேட்கிறார்கள்.

மருந்தாளுநர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஹெராயின் போன்ற போதைக்கு மாற்றாகத் தரும் மருந்தான மெத்தடோன் குப்பியின் 'குழந்தை திறக்க முடியாத' மூடி, குழந்தையைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. பெரியவரின் ஒருவேளை அளவு குழந்தையைக் கொன்றுவிடும். ஆகவே பூட்டுள்ள பெட்டி, உயரமான இடம். கோப்பையில் ஊற்றி வைக்கவே கூடாது. மங்கிய மூச்சை மீட்கும் நாலோக்சோன் மூக்குத் தெளிப்பானை வீட்டாரே பயன்படுத்தக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். ஹெராயின் போன்ற ஓபியாய்டு மிகுந்து மூச்சு மங்கியவருக்கு முதலில் ஆம்புலன்ஸை அழைத்து, ஒரு நாசியில் ஒரு தெளிப்பு; 2–3 நிமிடத்தில் பலனில்லையென்றால் புதிய தெளிப்பானால் மறு நாசியில். எழுந்து உட்கார்ந்தாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது. மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், உள்ளே இருக்கும் போதை அதைவிட நீண்டு மீண்டும் மூச்சை அமுக்கலாம்.

இதில் அதிகம் கவனிக்க வேண்டிய காலம் எது என்றால், மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்பிய முதல் சில வாரங்கள். உடம்பின் தாங்குதிறன் இறங்கியிருக்கும், மனதில் இருப்பது பழைய அளவு. 'இப்போது சுத்தமாகிவிட்டான்' என்று வீடு மூச்சு விடும் நேரத்தில்தான் தெளிப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மேற்பார்வையாளர்களுக்கும் அலுவலகத் தொலைபேசியில் காத்திருப்பவர்களுக்கும் நன்றி. எந்த வீடு, எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று குறித்துவைத்து, தாமதமானால் அழைக்கிறீர்கள். போதையில் இருப்பவரிடம் ஆலோசனை பேசுவது வீண் வேலை என்று விதியாகவே வைத்ததும் நல்லது. அன்று பார்க்க வேண்டியது இரண்டுதான்: இன்றிரவு குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெளிவாக இருக்கும் பெரியவர் யார், கைக்குழந்தை எங்கே தூங்கும். குடித்தவரோ மயக்க மருந்து எடுத்தவரோ குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது. மற்ற பேச்சு இன்னொரு நாள்.

பலகை ஒட்டாத வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தும் ஓட்டுநர்களுக்கும் நன்றி. அண்டை வீட்டார் விசாரித்தால் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் போதும் என்கிறீர்களே, அதையே நாங்களும் பின்பற்றுகிறோம்.

ஆசிரியர்களே, 'இது உன்னால் வந்ததல்ல, இதை நிறுத்துவதும் உன் வேலையல்ல' என்று பிள்ளைகளிடம் எங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறீர்கள். அதோடு, இரவில் பயம் வந்தால் யாரை அழைப்பது என்று ஒரு பெயரும் எண்ணும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்லும்வரை விடாதீர்கள்.

நன்றியுடன்,
இல்லச் சந்திப்புக் குழுவினர்