பூசையில் பங்கேற்பது விருப்பமாக இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

படைப்பிரிவின் வழிபாட்டில் கருவறைக்குள் செல்ல மறுத்த கிறிஸ்தவ அதிகாரியின் பணிநீக்கத்தை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். ராணுவத்தின் கட்டுப்பாடு தனி ரகம், சரி. ஆனால் "நீதிமன்றமே சொல்லிவிட்டதே" என்று அந்தத் தீர்ப்பைச் சாதாரண வேலையிடங்களுக்கும் இழுத்து வருவது தவறு. 1986-இல் கேரளத்தைச் சேர்ந்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மாணவர்கள் மூவர், மத நம்பிக்கையால் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது செல்லாது என்று தீர்ப்பளித்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான். மரியாதை வேறு, வழிபாடு வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெங்களூருவில் ஆயுத பூசை நடக்காத பட்டறை அபூர்வம். பீன்யாவில் நான் வேலை பார்க்கும் இடத்திலும் இயந்திரங்களைத் துடைப்பேன், தோரணம் கட்டுவேன், பூசையின்போது ஓரமாகக் கைகட்டி நிற்பேன்; ஆரத்தி மட்டும் எடுப்பதில்லை. "ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பார் மேற்பார்வையாளர். நல்ல மனிதர்தான், மிரட்டியதில்லை. ஆனாலும் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அந்தச் சொல்லே உத்தரவாகிவிடுகிறது; சம்பள உயர்வு அவர் கையில் அல்லவா இருக்கிறது! எனவே, வழிபாடுகளில் பங்கேற்பது அவரவர் விருப்பம் என்ற ஒரு வரியை நிறுவனங்கள் விழா அறிவிப்பிலேயே, கன்னடத்திலும் தமிழிலும், அச்சிட்டு ஒட்ட வேண்டும்.

– ஒரு வாசகர், பீன்யா, பெங்களூரு