கரிசலில் இரண்டு சக்கரமும் இழுக்க வேண்டும்

பேரையூர்,
கார்த்திகை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பருத்திக்கு மருந்தடிப்பு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நாள் ஓடிவிட்டது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்கள். கட்டுப் பிரித்த மறுநாளே முற்றத்தில் உட்கார்ந்து குதிரைவாலியில் கல் பொறுக்கினார்கள். உன் மகள் நர்சிங் சேர்ந்த செய்தியைச் சொன்னதும் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, பிக்கப்பில் லிமிடெட் ஸ்லிப் மாட்டிவிட்டாயா, உன் வண்டிக்கும் அது வேண்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். ஆமாம், மாட்டிவிட்டேன். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கும் இழுவை போகச் செய்யும் டிஃபரன்ஷியல்தான் அது. ஐப்பசி மழை முழுக்க ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். ஒரு மழை பெய்தால் போதும், நம் கரிசல் களியாகி டயரை அப்பிக்கொள்ளும். மக்காச்சோள மூட்டையோடு ஓடை இறக்கத்தில் நின்றுபோனேன். இடது பின் சக்கரம் சேற்றில் விர்ரென்று சுற்றுகிறது. வலது சக்கரம் காய்ந்த மேட்டில் இருக்கிறது, ஆனால் அசையவே இல்லை. பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்தது. அந்த டிராக்டரும் அதே சேற்றில்தான் இறங்கியது. டிரைவர் இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லாக்கைக் குதிகாலால் மிதித்தார், இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்து ஏறிப்போனது. அன்றைக்குத்தான் நம் வண்டிக்கும் இதில் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்புவதை நாம் நின்று பார்த்திருக்கிறோமே, நினைவிருக்கிறதா? உள்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துப் பிடிப்பார்கள், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய சுற்றாக வரும். கட்டை இல்லாமலே அந்த வேகக் கணக்கைச் சரிசெய்வதுதான் வண்டியின் டிஃபரன்ஷியல். ரோட்டில் அருமையான பொருள். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். சேற்றுச் சக்கரம் வழுக்காமல் 100 அளவு விசை தாங்கினால் மேட்டுச் சக்கரத்துக்கும் 100தான், மொத்தம் 200. இன்ஜினில் எவ்வளவு பலம் இருந்தாலும் அதற்கு மேல் தரையில் இறங்காது.

நான் போட்டிருப்பது சாய்ந்த பல் கியர் வைத்த வகை. 1958-இல் வெர்னன் கிளீஸ்மன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய டார்சன் என்ற டிஃபரன்ஷியலின் வழியில் வந்தது. ஒரு சக்கரம் தாங்குவதைப்போல மூன்று மடங்கு மற்றதுக்குப் போகும் என்று வைத்துக்கொள். சேற்றுச் சக்கரம் 100 தாங்கினால் மேட்டுச் சக்கரத்துக்கு 300, மொத்தம் 400. அந்த இரட்டிப்புதான் என்னை ஓடையிலிருந்து வெளியே கொண்டுவந்தது.

ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? அப்போது ஹேண்ட் பிரேக்கை ஒன்றிரண்டு பல் இழுத்துவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுப்பேன். சுற்றுகிற சக்கரத்துக்குக் கொஞ்சம் பாரம் கிடைத்ததும் மற்றது இழுக்கும். பிரேக் இரண்டு பக்கமும்தான் பிடிக்கும், ஆகவே முழுப் பலன் இல்லை. ஆனாலும் மூன்று முறை கை கொடுத்திருக்கிறது.

லிமிடெட் ஸ்லிப்பில் இன்னொன்று கிளட்ச் பிளேட் வகை. அதில் பிளேட்டுகளை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் சக்கரம் தூக்கினாலும் கொஞ்சம் இழுவை இருக்கும். பிளேட் தேயும், ஆயிலோடு அதற்கான கலவையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பத்தில் அதிர்ந்து சத்தம் போடும். எனக்குப் பராமரிப்பு குறைவாக இருந்தால் நல்லது என்று கியர் வகையை எடுத்தேன்.

மாட்டிய கதைதான் வேதனை. முதலில் கொடுத்த பட்டறையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைப் புது டிஃபரன்ஷியல் கூட்டில் ஏற்றி, பல் இடைவெளியை அளக்காமல் கையால் அசைத்துப் பார்த்தே மூடிவிட்டார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஊளை. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, கிரவுனும் பினியனும் போய்விட்டால் என்ன செய்வது என்று. அப்புறம் திருமங்கலத்தில் லாரியின் பின் அச்சுக் கூட்டு (ஹவுசிங்) வேலையே பார்த்துவந்த பெரியவர் ஒருவர் பிரித்துச் சரிசெய்தார். சைடு பேரிங் இரண்டும் புதிது போட்டு, இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி மாற்றி வைத்து, டயல் கேஜில் அளந்து பார்த்து, பல்லில் சாயம் பூசிச் சுற்றி, தடம் நடுவில் விழும்வரை விடவில்லை. ஒரு நாள் முழுக்க ஆனது. அவர் கை வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நம் ஐ.டி.ஐ. நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இப்போது சத்தமே இல்லை.

ஓட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு ஒரு சக்கரம் வழுக்கும், மற்றது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும். இப்போது இரண்டும் சேர்ந்து வழுக்கினால் வண்டியின் பின்புறம் சரிவு இருக்கும் பக்கமாகப் போய்விடும். வாய்க்கால் கரையில் எனக்கு அப்படி ஒரு முறை நடந்தது. ஒரு முழம் தள்ளியிருந்தால் வண்டி உள்ளே போயிருக்கும். பஞ்சர் ஒட்ட ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கும்போது கியரில் இன்ஜினை ஓடவிடாதே. தரையில் இருக்கும் சக்கரம் கொஞ்சம் இழுத்தாலே போதும், வண்டி ஜாக்கியிலிருந்து விழுந்துவிடலாம். உன் தம்பியிடமும் இதைச் சொல்லிவை.

இனி உன் வண்டி. நத்தம் பக்கம் உன் மாந்தோப்புப் பாதை செம்மண்ணும் பாறையும். அங்கே சேற்றைவிடச் சக்கரம் தூக்குவதுதான் தொல்லை. அதற்கு என் வகை அவ்வளவு பொருந்தாது. பிளேட் வகையோ, முழுசாகப் பூட்டும் லாக்கரோ பார். அதற்கும் முன்னால், பின் டயர் இரண்டும் வழுவழுப்பாகி இருந்ததை நான் வந்தபோதே பார்த்தேன். தரையில் பிடிப்பே இல்லாவிட்டால் எந்த டிஃபரன்ஷியலாலும் அதை உண்டாக்க முடியாது. முதலில் நல்ல கட்டை டயர் போடு, இரண்டும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார். அப்போதும் நின்றால் செலவு செய்.

தைப் பொங்கல் கழிந்து இரண்டு நாள் இங்கே வந்து இரு. சாப்டூர் அடிவார ஓடை மணலில் நீயே ஓட்டிப் பார். வரும்போது உன் வண்டியின் ஆக்ஸில் ஷாப்ட்டில் எத்தனை ஸ்ப்லைன் (தண்டின் நுனியில் இருக்கும் நீள வரிப்பல்), கிரவுனில் எத்தனை பல், பினியனில் எத்தனை பல் என்று எண்ணி எழுதிக்கொண்டு வா. பெரியவரிடம் காட்டுவோம்.

உன் மச்சான்